பூஜ்ய நிலுவை

எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்கப்புறம் இதை எழுதினால் உனக்கு நல்லது என்று வீட்டுக்காரர் சொன்னார். போங்க நீங்க ஒருபக்கம், அதற்குள் எனக்கே எல்லாம் சரியென்று தோன்ற ஆரம்பித்துவிடும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரேணுகா. தேசியக் குடிமைப் பணியின் சென்னை மண்டல அலுவலகத்தில் துணை இயக்குநர், மனிதவள மேம்பாட்டுப் பிரிவு. ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தோடு நின்றுவிடும், மிச்ச இரண்டு மாடியை முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மனிதவளத்தை மேம்படுத்தச் சொல்லி அறிக்கை எழுதியவர்கள் யாரும் அந்த இரண்டு மாடியை ஏறிப் பார்த்ததில்லை.

சீர்திருத்தம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி. வகுப்பு, களம், மறுபடி வகுப்பு. இப்போது மொத்தமே ஒன்பது நாள். எட்டு நாள் அடையாள அட்டை, மருத்துவச் சோதனை, உறுதிமொழி என்று ஓடிவிடும். ஒன்பதாம் நாள் ஊற்றுவது. ஆணையில் அதற்குப் 'பணிப்பழக்க அச்சு பதித்தல்' என்று பெயர். ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "உனக்கு ஊத்தியாச்சா?" "நாளைக்குத்தான் ஊத்துறாங்க." இட்லி மாவைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசிக்கொள்வார்கள்.

ஜூலை மூன்றாம் தேதி ஊற்றினோம், முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. தரைத்தளத்தில் பெரிய ஹால், வரிசையாக நாற்காலிகள். மிஷினைப் பார்த்துக்கொள்பவர் பஷீர். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தோம், அதனால் ஹால் முழுக்க ஷாம்பு வாசனை. ஆணைப்படி நான் மேற்பார்வை. அதாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பது.

கடைசி வரிசையில் ஒரு பெண் பஷீரை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். தர்ஷிகா என்று சட்டையில் குத்தியிருந்தது. இருபத்து மூன்று வயது இருக்கும்.

"சார், இதுல யாரோட ஞாபகமாவது எனக்கு வந்துருமா?"

"ஞாபகம் வராதும்மா. பழக்கம் மட்டும்தான்" என்றார் பஷீர். "நல்லா வேலை பார்க்கற ஆபீசரா பார்த்து நாப்பது பேர்கிட்ட எடுத்து வச்சிருக்கோம். அவங்க யாரு, வீட்ல எத்தனை பேரு, அதெல்லாம் உனக்குத் தெரியாது. ஒரு ஃபைலத் திறந்தா கண்ணு முதல்ல எங்க போகணும், எதுல சந்தேகப்படணும், எங்க கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச கால் உனக்கு வந்துட்ட மாதிரி."

"யாரோட கால் சார் எனக்கு?"

"எனக்கே தெரியாது. மிஷின் குலுக்கல்ல போடும்."

"பிடிக்கலைன்னா?"

பஷீர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. "தொண்ணூறு நாளைக்குள்ள எடுத்துடலாம். அந்தா உக்காந்திருக்காங்களே மேடம், அவங்க உத்தரவு போடணும். தொண்ணூறு தாண்டிட்டா உன் சொந்தப் பழக்கத்தோட கலந்துடும். அப்புறம் எது உன்னுது, எது வந்ததுன்னு மிஷினுக்கே தெரியாது. எடுத்துட்டா வேலை போயிடும், அதையும் சொல்லிடறேன்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இங்கே வாம்மா என்று கூப்பிட்டு, ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். எல்லோரும் மக்கள் சேவை என்பார்கள்.

"எங்கம்மாவுக்காக மேடம்" என்றாள். "கடலூருக்குத் தெக்கால தாழந்துறைன்னு எங்க ஊரு. நான் ஸ்கூல் படிக்கும்போது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல சவுக்குத் தோப்பு இருந்துச்சு. இப்போ பின்பக்கச் செவுத்துலேர்ந்து ஒன்பது அடி. அலை அடிச்சா ஜன்னல் கதவு ஆடும். மறுகுடியமர்வு வீட்டுக்கு அம்மா மனு போட்டு ஆறு வருஷமாச்சு. எந்த ஆபீஸ்ல, எந்த சீட்ல கிடக்குதுன்னு யாருக்கும் தெரியல. உள்ள போய் உக்காந்தா தெரியும்ல?"

உள்ளே வந்தாலும் தெரியாது. சீர்திருத்தத்தோடு இன்னொன்றும் வந்தது. மனுவில் பெயரும் ஊரும் மறைக்கப்பட்டு, எண் மட்டும்தான் எங்கள் மேசைக்கு வரும். மேசை என்றால் திரை. சிபாரிசு ஒழியட்டும் என்று செய்தார்கள். சிபாரிசு ஒழிந்தது. கூடவே மனு போட்ட ஆளும் காணாமல் போய்விட்டார். அதை அவளிடம் சொன்னேன்.

"சரி மேடம். அப்ப வர்ற எல்லா மனுவையும் எங்கம்மா மனுன்னு நெனச்சுப் பார்த்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பஷீர் அவள் தலையில் மிஷின் தொப்பியை மாட்டினார். நான் மீதி டீயைக் குடித்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நல்ல அதிகாரியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மாதக் கடைசி வேலை நாளன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு, யார் மேசையில் எத்தனை கோப்பு நிற்கிறது என்று எண்ணுவார்கள். அதுதான் நிலுவை. ஐம்பது நின்றால் சோம்பேறி. பத்து நின்றால் பரவாயில்லை. ஒன்றுமே நிற்காவிட்டால் பூஜ்ய நிலுவை, அவர் தங்கம். நான் பதினோரு வருடம் தொடர்ந்து பூஜ்ய நிலுவை. மண்டலத்திலேயே வேறு யாருக்கும் கிடையாது.

எப்படி என்று கேளுங்கள். மாதம் முழுக்க முடிந்ததைப் பார்ப்பேன். கடைசி நாள் நாலரை மணிக்கு மிச்சம் இருப்பதை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மனு போட்டவருக்கே திருப்பிவிடுவேன். 'கண்டுள்ள விவரங்கள் தெளிவாக இல்லை. அன்புகூர்ந்து தெளிவுபடுத்தி மீள அனுப்புக.' ஐந்து மணிக்கு மேசை சுத்தம். திரும்பிப் போன மனு மறுபடி வரும்போது வரிசையில் கடைசியில் நிற்கும். வந்தால் வரட்டும், அது அடுத்த மாதக் கதை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கட்டடம் முழுக்க இதைத்தான் செய்கிறது, கான்டீன்காரருக்குக்கூடத் தெரியும். மாதக் கடைசியன்று கூடுதலாக ஒரு டிகாக்‌ஷன் போட்டு வைப்பார். நான் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தேன், அவ்வளவுதான். 'அன்புகூர்ந்து' மட்டும் என்னுடையது. இலாகாவில் வேறு யாரும் அந்த வார்த்தையைப் போடமாட்டார்கள். அதைப் போட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

சீர்திருத்தக் குழு வந்தது. வெளியூர் ஆட்கள், நல்ல படிப்பு, நல்ல ஷூ. அவர்கள் நிலுவைப் பட்டியலைப் பார்த்து, பூஜ்யம் வாங்கிய நாற்பது பேரைப் பொறுக்கி எடுத்து, இவர்கள் பழக்கத்தைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஊதா நிறம். இப்போதும் பீரோவில் இருக்கிறது.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, புதியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க நாலாவது மாடிக்கு இறங்கினேன். கரையோர மறுகுடியமர்வு மனுக்கள் அங்கேதான் வரும். தர்ஷிகாவுக்கு சி-14 சீட். நாலரை மணி. அவள் என்னைக் கவனிக்கவில்லை. திரையில் இருபது கோப்புகள் போல நின்றன.

வலது கையைத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், எதையோ கழற்றினாள். இடது கையால் துப்பட்டா நுனியை எடுத்து அந்த எதையோ இரண்டு பக்கமும் துடைத்தாள். அப்புறம் மறுபடி மூக்கில் மாட்டிக்கொள்ளாமல், அதை மேசையில் வைத்துவிட்டு, எல்லாக் கோப்பையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திருப்பினாள்.

அவள் கண்ணாடி போடுவதில்லை. கண்ணாடி போடுகிறவள் நான். திருப்புவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து வைத்துவிடுவேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சௌகரியம்.

அப்போதே அவள் தோளைத் தொட்டு, அம்மாடி, இது என் வியாதி, உனக்கு வந்திருக்கிறது, எடுத்துவிடலாம் வா என்று சொல்லியிருக்கலாம். முப்பது நாள் மிச்சம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் என் பதினோரு வருடம் வெளியே வரும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. மேலே வந்து என் கோப்புகளைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி அவளே ஏழு மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு தபால் உறை. வெயிலில் காய்ந்து மொரமொரவென்று இருந்தது.

"உக்காரும்மா. என்ன முகமெல்லாம் இப்படி வாடிக் கிடக்கு?"

"லீவுல ஊருக்குப் போயிருந்தேன் மேடம். அம்மா இத எடுத்துக் குடுத்தாங்க. ஆகஸ்ட்லயே வந்துருக்கு. அவங்களுக்குப் படிச்சுப் புரியல, நான் வந்தா காட்டலாம்னு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தாங்க."

வாங்கிப் படித்தேன். 'கண்டுள்ள விவரங்கள் தெளிவாக இல்லை. அன்புகூர்ந்து தெளிவுபடுத்தி மீள அனுப்புக.' தேதி ஜூலை முப்பத்தொன்று. கீழே இருக்கை எண் சி-14.

"நான்தான் மேடம் அனுப்பிருக்கேன்" என்றாள். "எங்கம்மா மனுவ நானே திருப்பிருக்கேன். அதுல என்ன தெளிவா இல்ல? எல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. நான்தானே ப்ளஸ் டூ படிக்கும்போதுலேர்ந்து எழுதிக் குடுக்கறேன். ரெண்டு மாசமா மாசக் கடைசியில என் கை என்னமோ பண்ணுது. பண்ணி முடிச்சதும் அப்பாடான்னு இருக்கு. அந்த அப்பாடாதான் எனக்குப் பயமா இருக்கு மேடம்."

அந்த அப்பாடாவை எனக்குத் தெரியாதா? நல்ல வெயிலில் நடந்து வந்து ஃபேன் கீழே உட்கார்ந்தால் வருமே, அது.

"இது யாரோட பழக்கம்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"என்னோடது" என்றேன்.

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"அப்போ தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"கேட்டாங்க, குடுத்தேன். பொன்னாடை எல்லாம் போட்டாங்கம்மா. நல்லதைத்தான் எடுப்பாங்க, இதை விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். மிஷினுக்கு எது நல்லதுன்னு என்ன தெரியும்? பூஜ்யம் வாங்கற பழக்கத்தை எடுக்கச் சொன்னாங்க, அது எடுத்துச்சு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எடுத்துடுங்க மேடம். வேலை போனாப் போகட்டும், ஊர்ல மீன் கம்பெனியில கணக்கு எழுதிப் பொழச்சுக்குவேன். அம்மாவ வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிடறேன். என் கை எனக்கு வேணும்."

"விண்ணப்பம் போடு. நான் உத்தரவு போடறேன். இது என் சத்தியம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான், நான் மனதாரத்தான் சொன்னேன்.

விண்ணப்பம் நேராக என்னிடம் வராது. பிரிவுக்குப் போய், அங்கிருந்து சரிபார்ப்புக்குப் போய், மறுபடி பிரிவுக்கு வந்து என் மேசைக்கு ஏறும். வாய்மொழி உத்தரவு போட்டால் மிஷின் திறக்காது, உத்தரவு எண் வேண்டும். சரிபார்ப்பில் ஒரு புதுப்பையன் அதை ஒருமுறை திருப்பியே விட்டான். யாருடைய பழக்கமோ, கடவுளுக்கே வெளிச்சம். அவள் மறுபடி அனுப்பினாள். நான் தினமும் பிரிவில் இருக்கும் லூர்துமேரிக்கு ஃபோன் போட்டேன். "வருது மேடம், வருது மேடம்" என்றாள்.

தொண்ணூறாவது நாள் செப்டம்பர் முப்பது. மாதக் கடைசி வேலை நாளும் அதுதான்.

அவள் விண்ணப்ப எண்ணை ஒரு சீட்டில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். 30917. காலையில் வந்ததும் திரையைப் பார்த்தேன், இல்லை. பதினொன்றரைக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், இல்லை. நாலு மணிக்கு லூர்துமேரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா நானே கீழ வந்து உன் சீட்ல உக்காந்துடுவேன், பாத்துக்கோ." தர்ஷிகா தலைக்குக் குளித்துவிட்டுக் கீழே பஷீரிடம் காத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஆறு மணிக்கு மிஷின் ரூமைப் பூட்டிவிடுவார்கள்.

நாலரை மணிக்கு என் திரையில் பதினோரு கோப்புகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளுடையது இல்லை. சரி, வரட்டும் என்று காத்திருந்தேன்.

நாலு நாற்பத்திரண்டுக்கு டைரக்டர் வேதகிரி ஃபோன் செய்தார். மாதா மாதம் செய்வார்.

"என்ன மேடம், இந்த மாசமும் பூஜ்யம்தானே? தலைமையகத்துல கேக்கறாங்க. மண்டலத்துக்கே உங்க ஒரு மேசைதான் மானத்தக் காப்பாத்துது."

"பார்த்துக்கறேன் சார்" என்றேன். அவர் விடவில்லை. போன மாதத்துப் பட்டியல், தெற்கு மண்டலத்துக்காரர்கள் முந்திக்கொண்டது, இரண்டாவது மாடிக்காரர்களின் சோம்பேறித்தனம் என்று பேசிக்கொண்டே போனார். நானும் ஆமாம் சார், ஆமாம் சார் என்றேன். ஆறு நிமிடம் பேசியிருப்பார்.

ஃபோனை வைத்தபோது கண்ணாடி மேசை மேல் இருந்தது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. நான் எப்போது கழற்றினேன்?

எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். 'பன்னிரண்டு கோப்புகள் திருப்பப்பட்டன. நிலுவை பூஜ்யம். நன்றி.'

பதினொன்றுதானே இருந்தது?

லூர்துமேரிக்குப் போட்டேன். "நாலு நாப்பதுக்கே ஏத்திட்டேனே மேடம்! 30917. வந்துருக்குமே!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பாவம், ஓடியாடி வேலை பார்த்திருக்கிறாள்.

ஏழு மாடியும் படியிலேயே இறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. பஷீர் மிஷினைச் சூடு பண்ணித் தயாராக வைத்திருந்தார். தர்ஷிகா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஈரம் காயாத தலையோடு. என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள்.

"நம்பர் குடுங்க மேடம்" என்றார் பஷீர்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. திருப்பின கோப்பு திருப்பினதுதான், கூப்பிட முடியாது. விண்ணப்பதாரர் மறுபடி அனுப்பலாம், நாளைக் காலை பத்து மணிக்குப் பிரிவு திறந்ததும் பதிவாகும். பஷீர் என்னென்னவோ எண்ணைப் போட்டுப் பார்த்தார், அவருடைய சொந்த அடையாள எண்ணைக்கூடப் போட்டார். மிஷின் உத்தரவு எண் உத்தரவு எண் என்றே கேட்டது. "நான் என்ன மேடம் பண்ணுவேன்? நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னோடதையுமா மேடம்?" என்று கேட்டாள் தர்ஷிகா. அவ்வளவுதான் கேட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், துணை இயக்குநர், ஹால் நடுவில் ஓவென்று. ஆறு மணிக்குக் காவலாளி வந்து விளக்கை அணைக்க வேண்டும் என்றார்.

அக்டோபர் முழுக்க அவள் வேலைக்கு வந்தாள். நான் நாலாவது மாடிப் பக்கமே போகவில்லை. இருபதாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. கடலூர்ப் பக்கம் கரையோரம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை, இறங்கிப் போனேன்.

சி-14 பளிச்சென்று இருந்தது. அவள் நிமிர்ந்து, "வாங்க மேடம்" என்றாள். கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. ரொம்ப நாள் சர்வீஸ் போட்டவர்களுக்கு மத்தியானம் மூணு மணிக்கு வரும் முகம். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த முகம்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க மேடம்."

"மழை பிடிச்சுக்கிச்சே. உடனே போய்க் கூட்டிட்டு வந்துடும்மா. எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நாளைக்கே போ, நான் லீவு தர்றேன்."

"கூட்டிட்டு வர முடியாது மேடம்" என்றாள் பொறுமையாக. "மனுவ மறுபடி அனுப்பியாச்சு. அது நடப்புல இருக்கும்போது மனுதாரர் இடம் மாறினா தகுதி போயிடும். விதி பதினேழு."

எனக்கே விதி சொல்லி விளக்கிக்கொண்டிருந்தாள். "அடியே, வீடு கடல்ல போயிடும்டீ!" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போனா அது வேற பிரிவு மேடம். பேரிடர்" என்றாள்.

"அம்மா பேர் என்ன?" என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கவே இல்லை.

"நாலு ஏழு ஒண்ணு மூணு..." என்று மனு எண்ணை ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கொஞ்சம் திணறினாள். "செங்கமலம்" என்றாள். அப்புறம் கை மூக்கருகே போய் ஒன்றுமில்லாததைக் கழற்றித் துடைத்தது. "என் மேசையில இப்ப ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் திருப்பிட்டேன்."

சனிக்கிழமை பஸ் டிக்கெட் போட்டிருக்கிறேன். தாழந்துறைக்கு நேரே பஸ் இல்லையாம், கடலூரில் இறங்கி மாற வேண்டும். செங்கமலம் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். என்னோடு வருவாரா, விதி பதினேழை மகள் அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறாளா, போனால்தான் தெரியும்.

இன்றைக்கு அக்டோபர் முப்பத்தொன்று. மத்தியானம் தலைமையகத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. இளம் கொடையாளர் திட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மூன்று மாதம் விடாமல் பூஜ்யத்தில் இருப்பவர்களிடம் அச்சு எடுத்து, அடுத்த பேட்சுக்கு ஊற்றுவார்களாம். அடுத்த பேட்ச் ஆயிரத்து இருநூறு பேர். எங்கள் மண்டலத்திலிருந்து தேர்வானது ஒரே ஒரு இருக்கை, சி-14. என் ஒப்புதல் வேண்டும். எனக்குப் போர்த்திய மாதிரி அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்துவார்கள்.

மறுக்கலாம் என்று பார்த்தேன். மறுப்பதற்கு ஐந்து காரணங்கள் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். உடல்நலக் குறைவு, ஒழுங்கு நடவடிக்கை, வருகைக் குறைவு, நிலுவை, ராஜினாமா. அது அவள் பழக்கம் இல்லை, என் பழக்கம் என்று சொல்ல அதில் இடமே இல்லை. திருப்பிவிடலாமா? தலைமையகத்துக்குத் திருப்பினால் அங்கே மிஷினே பதில் எழுதிவிடும், இரண்டு நாளில் திரும்பி வந்து நிற்கும், அப்போது நான் லீவில் இருந்தால் டைரக்டர் மேசைக்குப் போய், அவரே கையெழுத்துப் போட்டுவிடலாம். யோசித்துப் பார்த்தேன். ஒரு கோப்பு எங்கேயும் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. யார் மேசையில் நிற்கிறதோ அவர் மேசையிலேயே நிற்க வேண்டும்.

நாலரைக்கு மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். ஏழுதான் இருந்தது. ஏழுக்கும் உத்தரவு போட்டேன். ஒன்றையும் திருப்பவில்லை. ஒன்றிலும் தெளிவில்லாதது எதுவுமில்லை, எல்லாம் தண்ணி மாதிரித் தெளிவாக இருந்தது. பதினோரு வருடமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நாலு ஐம்பதுக்கு டைரக்டர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பக்கம் ஒண்ணு நிக்கற மாதிரி காட்டுதே. மிஷின் கோளாறா?"

"இல்ல சார். நிக்குது."

"அட, திருப்பி விட்டுடுங்க மேடம், வழக்கம்போல. பத்து நிமிஷம் இருக்கே."

"இருக்கட்டும் சார்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பதினாலு மாசம் சார்."

அவர் சிரித்தார், நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து. ஃபோனை வைத்தேன். வெளியே மழை ஓங்கிப் பெய்துகொண்டிருந்தது. வலது கை மெதுவாக எழும்பிக் கண்ணாடிக்குப் போனது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி எழும்பியது. மறுபடி பிடித்தேன். ஐந்து மணி ஆகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.